பஞ்சாலை ஸ்டோர் ரூமில் இருந்து பாலக்காடு வரை: எபோலாவும் புதிய வைரஸ் தொற்றுகளும் – முக்கியக் குறிப்புகள்

குரூப் 1, குரூப் 2, குரூப் 4 என்று எதற்குப் படித்தாலும் வைரஸ் பாடத்தை எல்லோரும் ஒரே மாதிரிதான் படிக்கிறார்கள்: ஆண்டு, நாடு, குடும்பம், தடுப்பூசிப் பெயர். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் மார்பர்க்கும் எபோலாவும் கலந்துவிடும். அதனால் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். வைரஸ் எந்த இடத்தில், யாருடைய வேலையின் வழியே மனிதருக்கு வந்தது என்பது முதலில். எண்கள் அதன் பின்னால். பனியன் கம்பெனியில் ஷிப்டு முடித்துவிட்டு இரவில் புத்தகம் திறப்பவர்களுக்கு இதில் தெரிந்த இடங்கள் நிறைய வரும்.

நசாரா, 1976: முதல் நோயாளி ஒரு பஞ்சாலைத் தொழிலாளி

எபோலாவைப் பற்றிய வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் காங்கோவில் தொடங்கும். கால வரிசைப்படி அது இரண்டாவது. 1976 ஜூன் 27 அன்று தெற்கு சூடானின் நசாரா என்ற ஊரில், பருத்தி ஆலை ஒன்றின் ஸ்டோர் கீப்பர் காய்ச்சலில் படுத்தார். ஜூலை 6-ஆம் தேதி இறந்தார். அடுத்தடுத்து விழுந்தவர்களும் அதே ஆலையின் தொழிலாளர்கள். துணி அடுக்கி வைக்கும் அறையின் கூரையில் வௌவால்கள் குடியிருந்தன. ஆனால் அந்த வௌவால்களிடம் இருந்துதான் நோய் வந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

நோயைப் பெரிதாக்கியது ஆலை அல்ல, மரிடி என்ற இன்னோர் ஊரின் மருத்துவமனை. மொத்தம் 284 பேருக்கு நோய். நசாராவில் 67, மரிடியில் 213. இறந்தவர்கள் 151 பேர், அதாவது 53 விழுக்காடு. மரிடி மருத்துவமனையின் 230 ஊழியர்களில் 76 பேருக்குத் தொற்றியது. 41 பேர் இறந்தார்கள். நோயாளியைத் தொட்டுப் பராமரித்தவர்களுக்கே நோய் பரவியது என்று உலக சுகாதார நிறுவனக் குழு அப்போதே எழுதிவைத்தது.

1979-இல் அதே நசாராவில் நோய் மறுபடியும் வந்தது: 34 பேர், 22 இறப்பு. இந்த முறையும் முதல் நோயாளி அந்தப் பருத்தி ஆலையில் வேலை செய்தவரே.

யாம்புக்கு, 1976: ஐந்து ஊசிகள்

அதே 1976-இல், ஆகஸ்ட் இறுதியில், அன்றைய ஜயர் நாட்டின் யாம்புக்கு கிராமத்தில் நோய் கிளம்பியது (இன்று அது காங்கோ ஜனநாயகக் குடியரசு). முதலில் கண்டறியப்பட்டவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். மலேரியா என்று நினைத்து மிஷன் மருத்துவமனையில் அவருக்குக் குளோரோகுவின் ஊசி போட்டார்கள். அந்த மருத்துவமனையில் தினமும் காலையில் செவிலியர்களுக்குக் கொடுக்கப்பட்டவை ஐந்து ஊசிக்குழல்கள். வந்த எல்லோருக்கும் அவற்றையே கழுவிக் கழுவிப் போட்டார்கள். 318 பேருக்கு நோய், 280 இறப்பு, 88 விழுக்காடு. மருத்துவமனை ஊழியர் 17 பேரில் 11 பேர் இறந்தனர். மருத்துவமனை மூடப்பட்டதும் பரவல் தணிந்தது.

கிராமத்தின் பெயரை வைத்தால் அந்த ஊர் மக்களுக்கு அவப்பெயர் என்று கருதி, அந்தப் பகுதியில் ஓடும் எபோலா ஆற்றின் பெயரை வைத்தார்கள். ஆய்வில் பங்கேற்றவர்களில் இரண்டு பெயர்கள் தேர்வுக்கு வேண்டும்: பெல்ஜியத்தின் பீட்டர் பியோட், காங்கோவின் ழான்-ழாக் முயெம்பே. முயெம்பே சிகிச்சைப் பகுதியில் மறுபடி வருவார்.

சூடானும் ஜயரும் ஒரே பரவல் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகுதான் இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று தெரிந்தது. ஜயர் இனத்துக்குத் தடுப்பூசி இருக்கிறது, சூடான் இனத்துக்கு அங்கீகரிக்கப்பட்டது ஏதும் இல்லை. இன்றைய செய்திகள் பாதி இந்த வேறுபாட்டில்தான் ஓடுகின்றன.

வைரஸின் உடம்பு (வேகமாகப் படித்துக் கடக்கலாம்)

• குடும்பம் ஃபைலோவிரிடே. நூல் போன்ற வடிவம். பேரினத்தின் பெயர் இப்போது ஆர்த்தோஎபோலாவைரஸ். பழைய நூல்களில் எபோலாவைரஸ் என்றிருக்கும்.

• ஒற்றை இழை, எதிர்மறை ஆர்.என்.ஏ.; நீளம் சுமார் 19,000 காரங்கள்; 7 மரபணுக்கள்.

• ஆறு இனங்கள்: ஜயர், சூடான், பண்டிபுக்யோ (உகாண்டா, 2007), டாய் காடு (ஐவரி கோஸ்ட், 1994), ரெஸ்டன், பொம்பாலி. ரெஸ்டன் 1989-இல் பிலிப்பைன்ஸில் இருந்து அமெரிக்காவுக்குப் போன குரங்குகளில் கண்டறியப்பட்டது. மனிதருக்குத் தொற்றினாலும் நோய் தராது. பொம்பாலி சியரா லியோன் வௌவால்களில் கிடைத்தது. மனித நோய் பதிவாகவில்லை.

• செல்லுக்குள் நுழைய வைரஸின் மேற்பரப்புக் கிளைக்கோபுரதம் பிடித்துக்கொள்ளும் மனிதப் புரதம் என்.பி.சி.1 (கண்டறிந்த ஆண்டு 2011).

• அடைகாலம் 2 முதல் 21 நாள். பரவல் முடிந்தது என்று அறிவிக்க 42 நாள் காத்திருக்க வேண்டும், அதாவது இரண்டு அடைகாலம். இந்த 42 எங்கிருந்து வந்தது என்று புரிந்தால் மறக்காது.

• காற்றில் பரவாது. இரத்தம், வாந்தி, வியர்வை முதலான உடல் நீர்மங்கள், அவை பட்ட துணி, ஊசி, இறந்தவர் உடல் வழியே பரவும். அறிகுறி தோன்றும் முன் ஒருவர் மற்றவருக்குப் பரப்புவதில்லை. கொரோனாவுடன் ஒப்பிட்டுக் கேட்டால் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

• மார்பர்க் இதே குடும்பம், ஆனால் எபோலாவுக்கு மூத்தது: 1967, ஜெர்மனியின் மார்பர்க், ஃபிராங்ஃபர்ட், யுகோஸ்லாவியாவின் பெல்கிரேடு. உகாண்டாவில் இருந்து ஆய்வகத்துக்கு வந்த குரங்குகள் வழியாக 31 பேருக்கு நோய், 7 இறப்பு.

தவறு நேரும் இடம்: மார்பர்க்கின் இயற்கை இருப்பிடம் எகிப்தியப் பழந்தின்னி வௌவால் என்பது உறுதியானது. எபோலாவுக்கும் வௌவால்தான் என்று பலமாகச் சந்தேகிக்கிறார்கள். ஆனால் ஜயர் இனத்தின் உயிருள்ள வைரஸை எந்த வௌவாலிலிருந்தும் பிரித்தெடுத்ததில்லை. 'உறுதி', 'கருதப்படுகிறது' என்ற இரண்டு சொற்களைக் கேள்வியில் கவனியுங்கள்.

பெரிய பரவல்கள்

மேற்கு ஆப்பிரிக்கா, 2013–16. கினியாவின் மெலியண்டு கிராமத்தில் 2013 டிசம்பரில் ஒரு குழந்தையிடம் தொடங்கியதாகக் கணித்தார்கள். கினியா, லைபீரியா, சியரா லியோன் மூன்றிலும் பரவி 28,600-க்கு மேற்பட்டோருக்கு நோய், 11,325 இறப்பு. பன்னாட்டுப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிப்பு: 2014 ஆகஸ்ட் 8. அதற்கு முந்தைய எல்லாப் பரவல்களின் நோயாளிகளையும் கூட்டினாலும் இதில் பத்தில் ஒரு பங்கு வராது. பெரும்பாலும் காடோரத்துக் கிராமங்களில் அடங்கிவந்த நோய் முதல்முறையாகத் தலைநகரங்களில் பெருமளவில் பரவியது. இறந்தவரைக் குளிப்பாட்டி அடக்கம் செய்யும் வழக்கமும் பரவலுக்கு வழியானது.

கிழக்கு காங்கோ, 2018–20. 3,470 பேர், 2,287 இறப்பு. அவசரநிலை 2019 ஜூலை 17. போர் நடக்கும் பகுதியில் தடுப்பூசியும் மருந்துச் சோதனையும் நடந்தது இதன் சிறப்பு.

உகாண்டா, 2022 (சூடான் இனம்). செப்டம்பரில் அறிவிப்பு, 2023 ஜனவரி 11-இல் முடிவு. உறுதியான நோயாளிகள் 142, அவர்களில் இறந்தோர் 55.

உகாண்டா, 2025 (சூடான் இனம்). ஜனவரி 30 அறிவிப்பு. முதலில் கண்டறியப்பட்டவர் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையின் ஆண் செவிலியர். 14 பேர், 4 இறப்பு.

காங்கோ, கசாய் மாகாணம், 2025 (ஜயர் இனம்). செப்டம்பர் 4 அறிவிப்பு, டிசம்பர் 1 முடிவு. 64 பேர், 45 இறப்பு. அந்த நாட்டின் 16-ஆவது எபோலா பரவல்.

மார்பர்க்கில் ருவாண்டா (2024) மட்டும் தனியாகப் படிக்கத் தகுந்தது. 66 பேர், 15 இறப்பு. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதி மருத்துவப் பணியாளர்கள். முதல் தொற்று வௌவால்கள் வாழும் சுரங்கக் குகையோடு தொடர்புடையது. பாதிக்குப் பாதி கொல்லும் என்று பெயரெடுத்த நோயில் இறப்பு 23 விழுக்காட்டில் நின்றது. சீக்கிரம் கண்டறிந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் கவனித்ததன் பலன் அது.

ஆராய்ச்சி: தடுப்பூசி

எர்வெபோ. 2019 நவம்பரில் ஐரோப்பாவிலும் டிசம்பர் 19 அன்று அமெரிக்காவிலும் அனுமதி. தயாரிப்பு மெர்க், மூல ஆய்வு கனடாவின் வின்னிபெக் தேசிய நுண்ணுயிரியல் ஆய்வகம். ஒரே டோஸ். இருப்பு வைக்க மைனஸ் 60 முதல் மைனஸ் 80 டிகிரி வரை குளிர் வேண்டும். மின்சாரமே இல்லாத ஊருக்கு இதைக் கொண்டுபோனது தனிச் சாதனை.

இதன் வேலை இப்படி: கால்நடைகளுக்குக் கொப்புளம் தரும் வி.எஸ்.வி. என்ற வைரஸை எடுத்து, அதன் மேற்பரப்புப் புரதத்தை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஜயர் எபோலாவின் கிளைக்கோபுரதத்தை வைத்தார்கள். ஒரு கம்பெனி பீஸில் இன்னொரு கம்பெனி லேபிள் தைத்த மாதிரிதான். உடம்பு லேபிளைப் பார்த்து எபோலா என்று எண்ணி எதிர்ப்பொருள் தயாரிக்கும்; உள்ளே எபோலா கிடையாது. லேபிள் ஜயர் இனத்துடையது என்பதால் சூடான் இனத்துக்கு இது உதவாது.

இந்த வி.எஸ்.வி.க்கு இந்தியாவில் ஓர் உறவு உண்டு. 1965-இல் நாக்பூர் அருகே சந்திபுரா கிராமத்தில் கண்டறியப்பட்ட சந்திபுரா வைரஸ் அதே வெசிகுலோவைரஸ் பேரினம். மணல் ஈக்கள் வழியே குழந்தைகளைத் தாக்கும். 2003-இல் ஆந்திராவிலும் 2024-இல் குஜராத்திலும் பரவியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரே நேரத்தில் இரண்டு கேள்விகளுக்குத் தயார்.

வளையத் தடுப்பூசி முறை: நோயாளியைச் சுற்றி, அவரைத் தொட்டவர்கள், தொட்டவர்களைத் தொட்டவர்கள் என்று வளையமாகப் போடுவது. பெரியம்மை ஒழிப்பில் கைகொடுத்த வழி. 2015-இல் கினியாவில் இந்த முறையில் சோதித்தபோது, உடனே தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் பத்து நாளுக்குப் பிறகு ஒருவருக்கும் எபோலா வரவில்லை. காங்கோவின் 2018–20 பரவலில் நடைமுறைப் பாதுகாப்பு 84 விழுக்காடு என்று 2024-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. சோதனையில் 100, நடைமுறையில் 84. இரண்டும் சரிதான், கேள்வி எதைக் கேட்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு தடுப்பூசி ஜான்சனின் இரு டோஸ் முறை (ஜாப்டெனோ, எம்வாபியா, ஐரோப்பிய அனுமதி 2020). எட்டு வார இடைவெளி வேண்டும் என்பதால் பரவல் நடுவில் பயன் குறைவு.

சூடான் இனத்தில் உகாண்டாவின் இரு பரவல்களை ஒப்பிடுங்கள். 2022-இல் சோதனைத் தடுப்பூசிகள் டிசம்பரில் வந்து சேர்ந்தபோது நோய் ஓய்ந்துகொண்டிருந்தது. போட்டுப் பார்க்க ஆள் இல்லை. 2025-இல் அறிவிப்பு வந்த நான்கே நாளில் வளையச் சோதனை தொடங்கிவிட்டது, ஏனென்றால் மருந்தும் சோதனை வரைவும் அனுமதித் தாள்களும் முன்கூட்டியே கம்பாலாவில் தயாராக இருந்தன. கடைசி நேரத்தில் ஷிப்மென்ட் ஓட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆராய்ச்சி: சிகிச்சை

2018-இல் காங்கோவில் தொடங்கிய 'பாம்' சோதனை நான்கு மருந்துகளை மோதவிட்டது. இறப்பு விகிதம்: ஆர்.இ.ஜி.என்-இ.பி.3 33.5 விழுக்காடு, எம்.ஏ.பி.114 35.1, இசட்மேப் 49.7, ரெம்டெசிவிர் 53.1. முதல் இரண்டும் 2020-இல் இன்மசெப், எபாங்கா என்ற பெயர்களில் அமெரிக்க அனுமதி பெற்றன. கொரோனா காலத்தில் நாம் மருந்துக்கடை வாசல்களில் அலைந்து தேடிய ரெம்டெசிவிர், இங்கே கடைசி இடத்தில் நின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எபாங்காவின் மூலம் 1995-இல் காங்கோவின் கிக்விட் நகரில் எபோலாவில் பிழைத்த ஒருவரின் இரத்தம். பிழைத்தவர்களின் இரத்தத்தை நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தவர் முயெம்பே. பிழைத்த அந்த ஒருவரின் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருள், இருபத்தைந்து ஆண்டு கழித்து மருந்தானது.

மாத்திரை வடிவில் ஓபெல்டெசிவிர் என்ற மருந்து குரங்குகளில் நல்ல பலன் தந்ததாக 2025-இல் ஆய்வு வெளிவந்தது. மனிதர்களில் நிரூபணமாகவில்லை, ஆகவே 'எபோலாவுக்கு மாத்திரை வந்துவிட்டது' என்ற வரி தவறு.

குணமானவர் உடம்பில் ஒளிந்திருக்கும் வைரஸ்

அண்மைக் கால எபோலா ஆய்வுகளில் மிக முக்கியமானது என்று எனக்குத் தோன்றுவது இதுதான். 2021-இல் கினியாவில் எபோலா மீண்டும் வந்தது. வௌவாலிடம் இருந்து புதிதாக வந்திருந்தால் மரபணு வரிசை ஏழு ஆண்டுக்கான மாற்றங்களைக் காட்டியிருக்கும். ஆனால் அது 2014–16 வைரஸோடு ஏறத்தாழ ஒத்திருந்தது. முந்தைய பரவலில் பிழைத்த யாரோ ஒருவரின் உடம்பில் இத்தனை ஆண்டு உறங்கியிருந்த வைரஸ் என்பதே 'நேச்சர்' இதழில் வந்த முடிவு. விந்து, கண், மூளை போன்ற, நோய் எதிர்ப்பாற்றல் எளிதில் எட்டாத இடங்களில் அது பதுங்கும். எதிர்ப்பொருள் சிகிச்சையில் பிழைத்த குரங்குகளில் சிலவற்றின் மூளையில் வைரஸ் மிச்சமிருந்ததை 2022-இல் இன்னோர் ஆய்வு காட்டியது.

இந்தியாவுக்கு இது புதிதல்ல. 2014 நவம்பரில், லைபீரியாவில் எபோலா வந்து குணமாகி, குணமான சான்றிதழோடு தில்லி விமான நிலையத்தில் இறங்கிய 26 வயது இந்தியர் ஒருவரைத் தனிமைப்படுத்தினார்கள். இரத்தத்தில் வைரஸ் இல்லை; விந்தில் இருந்தது. அவரிடம் நோய் அறிகுறி எதுவும் இல்லை. இந்தியாவில் எபோலா பரவியதில்லை. இந்த நிகழ்வைப் 'பரவல்' என்று எழுதிவிடக் கூடாது.

பிழைத்தவரைச் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்வது இந்த ஆய்வுகளின் நோக்கமல்ல. பிழைத்தவருக்குத் தொடர் மருத்துவக் கவனிப்பு வேண்டும் என்பதே அவை கேட்பது.

கவச உடை: நம்ம ஊர்ப் பாடம்

பின்னலாடை ஊரான திருப்பூர் 2020-இல் கற்ற பாடம் இது. பாடநூலில் தேடினால் கிடைக்காது. பொதுமுடக்கத்தில் பனியன் ஆர்டர்கள் நின்றுபோய், முகக்கவசமும் மருத்துவ முழு உடல் கவச உடையும் தைக்கப் பல கம்பெனிகள் இறங்கின. தையல்தானே என்று இறங்கியவர்களுக்கு முதல் அடி துணியில் விழுந்தது. பின்னல் துணி கண்ணிகளால் ஆனது. காற்றும் வியர்வையும் போய்வர இடைவெளி இருப்பதுதான் பனியனின் குணம். கவச உடைக்கு அந்தக் குணமே ஆகாது. பாலிப்ரொப்பிலீன் நெய்யாத் துணியில் மெல்லிய பிலிம் ஒட்டிய லேமினேட் துணி வேண்டும்.

இரண்டாவது அடி ஊசி ஓட்டையில். ஓவர்லாக்கில் ஒரு கைப்பகுதியை மூட்டினால் ஊசி இறங்கிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு துளை. செக்கிங் மேசையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வரிசையாகப் புள்ளிகள் தெரியும். பனியனில் யாரும் கவலைப்படாத துளை இது. கவச உடையில் இரத்தம் உள்ளே வரும் வழி. அதனால் தையலின் மேல் சூடான காற்றால் டேப் ஒட்டி அடைக்க வேண்டும். பேட்லாக், சிங்கர் தையல் இயந்திரங்கள் நிறைந்த ஊரில் அந்த டேப் ஒட்டும் இயந்திரம் அரிது. அதைத் தேடி எல்லோரும் ஓடிய மாதங்கள் அவை.

சோதனை கோயம்புத்தூரில். தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கம், சுருக்கமாகச் சிட்ரா, 1956-இல் தொடங்கப்பட்டது. தொற்றின் தொடக்கத்தில் கவச உடையைச் சோதித்துச் சான்றளிக்கும் மையமாக நாடே நம்பியிருந்தது சிட்ராவைத்தான்; பிறகு பாதுகாப்பு ஆய்வகங்கள் உட்பட மற்றவையும் சேர்ந்தன. தேர்வுக்குத் தேவையானவை:

• ஐஎஸ்ஓ 16603: செயற்கை இரத்த ஊடுருவல் சோதனை. துணித் துண்டைக் கலத்தில் இறுக்கி ஒரு பக்கம் செயற்கை இரத்தம் ஊற்றி, படிப்படியாக அழுத்தம் ஏற்றுவார்கள். மறுபக்கம் சிவப்பு தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பது. இந்தியா கேட்டது குறைந்தது 3-ஆம் வகுப்பு, அதாவது 3.5 கிலோபாஸ்கல் அழுத்தம் தாங்க வேண்டும். துணி மட்டுமல்ல, தையலும் தேற வேண்டும்.

• ஐஎஸ்ஓ 16604: வைரஸ் ஊடுருவல் சோதனை. பயன்படுத்துவது பை-எக்ஸ் 174 என்ற பாக்டீரியா உண்ணி, மனிதரைத் தாக்காது. விட்டம் சுமார் 27 நானோமீட்டர். எபோலா வைரஸின் தடிமன் 80 நானோமீட்டர். சின்னதைத் தடுக்கும் துணி பெரியதையும் தடுக்கும் என்பதே கணக்கு.

• ஐஎஸ் 17423: கவச உடைக்கான இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரநிலை, 2020.

• தேறிய ஒவ்வொரு மாதிரிக்கும் தனிச் சான்றெண். அதை உடையில் அச்சிட வேண்டும் என்பது அப்போதைய விதி.

2020 மே மாத இறுதியில் இந்தியா நாளொன்றுக்கு 3 லட்சத்துக்கு மேல் கவச உடை தயாரிப்பதாக மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. ஏற்றுமதித் தடை ஜூன் இறுதியில் தளர்ந்து மாதம் 50 லட்சம் உடைக்கு அனுமதி வந்தது. ஆர்டருக்காகத் துணி வாங்கி அடுக்கி வைத்திருந்தவர்களுக்கு அந்த இடைப்பட்ட வாரங்கள் எப்படிப் போயின என்பதை எந்த அமைச்சக அறிக்கையிலும் படிக்க முடியாது.

இன்னொன்று: கவச உடை அணிந்தவருக்கு ஆபத்து கூடும் நேரம் கழற்றும் நேரம். வெளிப்பக்கம் கையில் படாமல் உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்ற வேண்டும். 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒருவர் கழற்றும்போது இன்னொருவர் நின்று படிப்படியாகச் சொல்லிக் கண்காணிக்கும் வழக்கம் இருந்ததற்குக் காரணம் இதுவே.

நிபா: பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம்

நமக்கு எபோலா தொலைவு. நிபா பக்கத்து வீடு. குடும்பம் பாராமிக்சோவிரிடே, பேரினம் ஹெனிபாவைரஸ். மலேசியாவில் 1998–99, பன்றிப் பண்ணைகள் வழியாக 265 பேர், 105 இறப்பு. சுங்கை நிபா என்ற ஊரின் பெயர். இந்தியாவில் முதலில் சிலிகுரி, 2001. அடுத்து நாதியா, 2007. இரண்டும் மேற்கு வங்கம்.

கோழிக்கோடு, 2018 மே: பேராம்பிராவில் தொடங்கியது. தேர்வு நூல்களில் 18 பேர், 17 இறப்பு என்றிருக்கும். அது ஆய்வகத்தில் உறுதியானவர்களின் கணக்கையொட்டியது. பின்னர் வந்த ஆய்வுக் கட்டுரை சோதனைக்கு முன்பே இறந்தவர்களையும் சேர்த்து 23 என்கிறது. முதல் நோயாளியிடம் இருந்து மற்றவர்களுக்குப் பரவியதில் பெரும்பகுதி மருத்துவமனைகளில் நடந்தது. ஸ்கேன் அறைக்கு வெளியே நடைவழியில் காத்திருந்தவர்களுக்கும் தொற்றியது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி அந்தப் பணியில் இறந்தார். மரிடி, யாம்புக்கு, கோழிக்கோடு மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துப் படியுங்கள்.

பிறகு 2019 எர்ணாகுளம் (ஒருவர், பிழைத்தார்), 2021 கோழிக்கோடு, 2023 கோழிக்கோடு (6 பேர், 2 இறப்பு), 2024 மலப்புரம், 2025 மலப்புரமும் பாலக்காடும். ஒவ்வொரு முறையும் எல்லையிலுள்ள வாளையார் சோதனைச் சாவடியில் தமிழகச் சுகாதாரத் துறை காய்ச்சல் பார்க்க நிற்கும்.

வைரஸின் இருப்பிடம் பெரிய பழந்தின்னி வௌவால். தேசிய வைராலஜி நிறுவனத்தின் ஆய்வில் தமிழ்நாடு, புதுச்சேரி உட்படப் பல பகுதிகளின் வௌவால்களில் நிபா எதிர்ப்பொருள் தென்பட்டது. தமிழ்நாட்டில் மனித நோய் வந்ததாக இதற்குப் பொருள் இல்லை. வௌவாலை விரட்டினால், மரத்தை வெட்டினால் நோய் போகும் என்பதும் தவறு. நெருக்கடிக்கு உள்ளான வௌவால் கூடுதலாக வைரஸை வெளியேற்றும் என்பது ஆய்வாளர்கள் எச்சரிப்பது.

அனுமதி பெற்ற தடுப்பூசி இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் நிபா தடுப்பூசி 2024 ஜனவரியில் முதல் கட்ட மனிதச் சோதனைக்கு வந்தது. இதற்குப் பணம் தரும் செபி அமைப்பு 2017-இல் டாவோஸில் தொடங்கப்பட்டது. நிறுவன நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

ஒரு வரிக் குறிப்புகள்

• கியாசனூர் காட்டு நோய்: 1957, கர்நாடகத்தின் சிமோகா, உண்ணி வழி. நீலகிரி எல்லைக் காடுகளிலும் தடயம் உண்டு.
• கிரிமியன்-காங்கோ காய்ச்சல்: இந்தியாவில் முதலில் குஜராத், 2011.
• ஜிகா: தமிழ்நாட்டின் முதல் நோயாளி கிருஷ்ணகிரி மாவட்டம், 2017.
• கொரோனா: இந்தியாவின் முதல் நோயாளி திருச்சூர், 2020 ஜனவரி 30, அதே நாளில் உலக அவசரநிலை.
• குரங்கம்மை: இந்தியாவின் முதல் நோயாளி கேரளம், 2022 ஜூலை. அவசரநிலை இரு முறை: 2022, 2024.
• டெங்கு புதிய நோயல்ல. ஆனால் லைன் வீட்டு வாசலில் வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும் நீல டிரம் இருக்கும்வரை திருப்பூருக்கு அது எப்போதும் நடப்பு நிகழ்வு. ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும்.

நிறுவனமும் சட்டமும்

புனே தேசிய வைராலஜி நிறுவனம், 1952 (ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியோடு, இன்றைய பெயர் 1978 முதல்). உயிரிப் பாதுகாப்பு நான்காம் நிலை ஆய்வகம் அங்கே உண்டு. எபோலா, நிபா மாதிரிகள் போகுமிடம் அது. சென்னை கிண்டி கிங் நிறுவனம், 1899. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட பதினொன்றில் ஒன்று.

கொள்ளைநோய்ச் சட்டம் 1897. 2020 திருத்தம் மருத்துவப் பணியாளரைத் தாக்கிக் கொடுங்காயம் ஏற்படுத்தினால் ஏழாண்டு வரை சிறை என்றது. தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் 1939, நாட்டிலேயே முதலாவது.

அரசியலமைப்பின் மூன்று பட்டியலிலும் தொற்றுத் தடுப்பு சிதறிக் கிடக்கிறது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியல் (6). மாநிலம் விட்டு மாநிலம் தொற்று பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியல் (29). துறைமுகத் தனிமைப்படுத்தலும் (28) மாநிலங்களுக்கிடையே தனிமைப்படுத்தலும் (81) ஒன்றியப் பட்டியல். வாளையார்ச் சாவடியை வைத்துக் கேள்வி வந்தால் 29-க்கும் 81-க்கும் இடையில்தான் தடுமாற்றம் வரும்: நோய் பரவாமல் தடுப்பது 29, தனிமைப்படுத்தல் 81.

உலக அளவில்: பன்னாட்டுச் சுகாதார விதிமுறைகள் 2005, 2024 திருத்தம் 'பெருந்தொற்று அவசரநிலை' என்ற புதிய படியைச் சேர்த்தது, நடைமுறை 2025 செப்டம்பர் 19. பெருந்தொற்று ஒப்பந்தம் 2025 மே 20 அன்று ஏற்கப்பட்டது. நோய்க்கிருமி மாதிரியைப் பகிரும் நாட்டுக்கு அதிலிருந்து வரும் தடுப்பூசியில் என்ன பங்கு என்ற இணைப்பை மட்டும் தனியே பேச ஒதுக்கிவைத்தார்கள். அந்த இணைப்பு முடிந்த பிறகே ஒப்பந்தம் கையெழுத்துக்குத் திறக்கும். 60 நாடுகள் ஏற்புறுதி அளித்தால் நடைமுறைக்கு வரும்.

கூற்று–காரணம், இரண்டு மட்டும்

கூற்று: எர்வெபோ போட்டுக்கொண்டவருக்கு உகாண்டாவின் 2025 பரவலில் பாதுகாப்பு கிடைத்திருக்கும். காரணம்: எர்வெபோ எபோலா தடுப்பூசி. — கூற்று தவறு, காரணம் சரி. அங்கே பரவியது சூடான் இனம்.

கூற்று: ஐஎஸ்ஓ 16604 சோதனையில் எபோலா வைரஸையே பயன்படுத்த வேண்டியதில்லை. காரணம்: பை-எக்ஸ் 174 அதைவிடச் சிறியது, மனிதருக்குத் தீங்கற்றது. — இரண்டும் சரி. காரணம் கூற்றின் சரியான விளக்கம்.